ஒரே சுருட்டா, விதவிதமான சுருட்டா? புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

சுருட்டு பிடிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பல வருடமாக ஒரே பெயர், ஒரே அளவு, பெட்டி தீர்ந்தால் அதே பெட்டி என்று இருப்பவர்கள் ஒரு பக்கம். நேற்றுப் பிடித்ததை இன்று தொடாதவர்கள் இன்னொரு பக்கம். புதிதாக வருபவருக்கு இருவருமே யோசனை சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படும். நான் இருவர் பேச்சையும் கேட்டேன், இரண்டு வழியிலும் பணத்தை இழந்தேன்.

முதல் ஒரு வருடம் கலவைப் பெட்டிகளாக வாங்கினேன். அறுபதுக்கும் மேல் வெவ்வேறு சுருட்டுகள். வருடக் கடைசியில் "உனக்கு எது பிடித்தது?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு பெயர்கூடச் சொல்ல வரவில்லை. அப்புறம் ஒரு நல்ல மாலையில் பிடித்த ஒரே ஒரு சுருட்டை நம்பி இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். மொத்தம் ஐம்பது. ஆறாவது சுருட்டிலேயே அது என் வாய்க்கு ஒத்துவராத காரம் என்று தெரிந்தது.

இரண்டு தவறும் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: முதலில் உங்களுக்கென்று ஒரு சுருட்டைக் கண்டுபிடியுங்கள், பிறகு மற்றவற்றைத் தேடிப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வாய்க்குப் பழகிய ஒன்று இல்லாவிட்டால் எத்தனை வகை பிடித்தாலும் நினைவில் எதுவும் தங்காது. கீழே இருப்பது அதற்கான வழி. முதல் ஆறு படிகளுக்கு ஐந்து மாதம் ஒதுக்குங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது ஏற்கெனவே பிடிப்பது என்று முடிவெடுத்த வயது வந்தவர்களுக்கான கட்டுரை. புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சுருட்டுப் புகையின் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களோடு சுருட்டுக்கு உள்ள தொடர்பு உறுதியானது. புகைக்காதவர் என்றால் இதற்காகத் தொடங்க வேண்டாம். இதய நோய் இருந்தாலோ, வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தாலோ இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடுங்கள்.

1. சுருட்டு வாங்கும் முன் வைக்க இடம் தேடுங்கள்

இதைத்தான் நான் கடைசியாகச் செய்தேன். காய்ந்த சுருட்டு சூடாக எரியும், கமறும். ஈரம் ஏறிய சுருட்டு அணைந்து அணைந்து போகும், கசக்கும். இரண்டிலும் அந்தச் சுருட்டின் உண்மையான ருசி தெரியாது. வைத்திருந்த விதத்தின் குறையைச் சுருட்டின் குறை என்று எண்ணி நல்ல சுருட்டுகளை ஒதுக்கியிருக்கிறேன்.

ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 16 முதல் 21 டிகிரி செல்சியஸ். இந்த எல்லைக்குள் எங்கு வைத்தாலும் சரி, எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கும் அபாயம் உண்டு. சுருட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தால் அதுதான் காரணம்.

சுருட்டை ஈரம் காத்து வைக்கும் மரப் பெட்டியான ஹியூமிடார் முதல் நாளே வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் புது மரம் ஈரத்தை உறிஞ்சும். அதைப் பதப்படுத்தவே இரண்டு வாரம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, போவேடா போன்ற ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, ஈரப்பதத்தை அளக்கும் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று போதும். மூன்றும் சேர்ந்து ஒரு சுமாரான ஹியூமிடாரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. 25 சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்பது கணக்கு. பொட்டலம் முழுக்கக் கெட்டியாகிவிட்டால் மாற்றுங்கள்.

ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் உப்பு போட்டு, குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஒரு சிறிய டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் கருவி நான்கு குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் மற்ற படிகளால் பயனில்லை. ஒவ்வொரு சுருட்டுக்கும் அரைப் பக்கம் போதும்: முழுப் பெயர், அளவு, வாங்கிய தேதி, கொடுத்த விலை, பிடித்த தேதி, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடம் எரிந்தது. சுருட்டில் சுற்றியிருக்கும் காகித வளையத்தைக் கழற்றி அதே பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரே பெயரில் பல வரிசைகள் வருவதால் வளையம்தான் பிற்பாடு சந்தேகத்தைத் தீர்க்கும். ஒரு எச்சரிக்கை: சுருட்டு சூடேறும் முன் வளையத்தைப் பிய்த்தால் அதன் பசை மேலிலையையும் சேர்த்துக் கிழித்துவிடும். பாதி எரிந்த பிறகு தானாக நெகிழும்.

ருசியைப் பற்றி "கொக்கோ, தோல், ஈரமண்" என்று நீளமாக எழுத முயல வேண்டாம். முதல் வருடம் அப்படி எழுதியதைப் படித்தால் இன்று எனக்கே எதுவும் புரிவதில்லை. மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். காரம் எவ்வளவு? கடைசி மூன்றில் ஒரு பங்கு இதமாக இருந்ததா, கசந்ததா? நாளைக்கே இன்னொன்று கொடுத்தால் வேண்டும் என்பீர்களா?

ரசீதுகளையும் நோட்டிலேயே வையுங்கள். பெட்டியில் குறை இருந்து திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வரியில்லாமல் எத்தனை சுருட்டு கொண்டுவரலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், எண்ணிக்கையிலோ எடையிலோ சொல்லியிருப்பார்கள். கிளம்பும் முன் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரசீதோடு வைத்திருங்கள்.

3. அளவை ஒன்றாகப் பூட்டுங்கள்

ஒரே கலவை மெல்லிய சுருட்டில் ஒரு மாதிரியும் தடித்த சுருட்டில் வேறு மாதிரியும் ருசிக்கும். மெல்லியதில் உள் இலை குறைவு, அதனால் மேலிலையின் பங்கு கூடிவிடும். எனவே அளவையும் இலையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் பிடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

சுருட்டின் தடிமனை ரிங் கேஜ் என்பார்கள். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்லும் கணக்கு. 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். புதியவருக்கு நான் சொல்வது ரோபஸ்டோ: ஏறக்குறைய ஐந்து அங்குல நீளம், 50 ரிங் கேஜ், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எரியும். ஏறத்தாழ எல்லாத் தயாரிப்பாளரும் இந்த அளவில் செய்கிறார்கள், அதனால் ஒப்பிடச் சுலபம். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் பெத்தி கொரோனா (petit corona) என்ற சிறிய அளவை எடுக்கலாம்: 129 மில்லிமீட்டர், 42 ரிங் கேஜ், அரை மணிக்குச் சற்று மேல். சர்ச்சில் போன்ற 7 அங்குலச் சுருட்டைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். பாதியிலேயே நாக்கு மரத்துவிடும், மீதிப் பாதி வீண்.

4. நான்கு வகை, ஒவ்வொன்றிலும் மூன்று

பன்னிரண்டு வகையில் ஒவ்வொன்று வாங்காதீர்கள். நான்கு வகையில் மும்மூன்று வாங்குங்கள். எண்ணிக்கையும் ஒன்றுதான், செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிடைப்பது வேறு.

நான்கும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கட்டும். என் தேர்வு இது. கனெக்டிகட் ரக வெளிர் மேலிலை சுற்றிய, டொமினிகன் குடியரசின் மென்மையான சுருட்டு ஒன்று. மக்கானுடோ கஃபே இந்த ரகம். நிகராகுவா இலையே அதிகம் உள்ள காரமான ஒன்று. எஸ்தெலி பகுதி இலை என்றால் மிளகுபோல் மூக்கில் ஏறும், பத்ரோன் சுருட்டுகள் முழுக்க நிகராகுவா இலைதான். மதூரோ எனப்படும் கருத்த மேலிலையுள்ள ஒன்று. மெக்சிகோவின் சான் ஆந்திரெஸ் இலையாக இருந்தால் நல்லது. நான்காவது, உங்கள் நாட்டில் சட்டப்படி கிடைத்தால், கியூபச் சுருட்டு. அதில் உள்ளே, வெளியே எல்லாம் கியூப இலை. கிடைக்காவிட்டால் கேமரூன் மேலிலை சுற்றியது ஒன்று எடுங்கள்.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. கருப்பாக இருந்தால் காரமாக இருக்கும் என்று நினைப்போம். காரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள்ளே இருக்கும் லிகேரோ இலை, அதாவது செடியின் உச்சியில் வெயிலை நிறைய வாங்கிய இலை. மதூரோவின் கருப்பு நீண்ட நொதிப்பால் வருவது. அதில் ருசி பெரும்பாலும் இனிப்புப் பக்கம்தான் சாயும். வெளிர் நிறச் சுருட்டில் லிகேரோ நிறைய இருந்தால் அதுதான் தலையைச் சுற்ற வைக்கும்.

தபாலில் வந்தால் உடனே பற்றவைக்காதீர்கள். டப்பாவில் இரண்டு வாரம் இருக்கட்டும். வழியில் எத்தனை சூட்டையும் குளிரையும் பார்த்து வந்ததோ.

5. வாரத்துக்கு ஒன்று, ஒரே நிலைமையில்

பன்னிரண்டு சுருட்டு, பன்னிரண்டு வாரம். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் நான்கு பிடித்தால் நான்காவதன் மேல் மூன்றாவதன் நெடி உட்கார்ந்திருக்கும். நிகோடினுக்கும் உடல் பழகிப்போகும், அது நல்லதல்ல.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, காற்று அதிகம் அடிக்காத வெளியிடத்தில், பக்கத்தில் வெறும் தண்ணீரோடு உட்காருங்கள். வெறும் வயிற்றில் பிடித்தால் கிறுகிறுத்து, வியர்த்து, குமட்டும். அப்படி நடந்தால் சுருட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் சர்க்கரை வாயில் போடுங்கள். தேர்வு நடக்கும் மூன்று மாதமும் மது, காபி எதையும் கூட வைக்காதீர்கள். அவை ருசியைத் தூக்கியும் காட்டும், அமுக்கியும் காட்டும். என்னை இரண்டு பெட்டி வாங்க வைத்ததும் அன்று கையில் இருந்த கோப்பைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சுருட்டின் தலையில், அதாவது வாயில் வைக்கும் முனையில், ஒட்டியிருக்கும் தொப்பி இலையை மட்டும் நறுக்குங்கள், தோள்வளைவுக்குக் கீழே கத்தி போனால் சுற்று பிரியும். பியூட்டேன் வாயு லைட்டர் அல்லது நீளமான மரத் தீக்குச்சி போதும். பெட்ரோல் ஊற்றும் லைட்டரின் வாசம் இலையில் ஏறும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, வாயோடு நிறுத்தி விட்டுவிடுங்கள். அடிக்கடி இழுத்தால் சுருட்டு கொதித்து எது பிடித்தாலும் ஒரே கசப்பாகத்தான் இருக்கும்.

வரிசை முக்கியம். முதல் நான்கு வாரத்தில் நான்கு வகையும் ஒவ்வொன்று, அடுத்த நான்கு வாரத்தில் மறுபடி, அதற்கடுத்த நான்கில் மறுபடி. ஒரே வகையை அடுத்தடுத்து மூன்று வாரம் பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முதல் சுற்று அறிமுகம்தான். சுருட்டு கையால் செய்வது. ஒன்றில் இலை இறுகி இழுப்பே வராமல் போகலாம், அதை வைத்து ஒரு பெட்டியின் மற்ற இருபத்து நான்கையும் எடைபோட முடியாது. இரண்டாம் சுற்றில் முதல் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்றாம் சுற்றில் நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். எனக்கு இரண்டாம் சுற்றில் கடைசியில் இருந்த சுருட்டு மூன்றாம் சுற்றில் முதலாவதாக வந்தது. இன்றும் நான் பெட்டியாக வாங்குவது அதைத்தான்.

6. பெட்டி வாங்கும் முன் ஐந்து வாங்குங்கள்

மூன்றிலும் "இன்னொன்று வேண்டும்" என்று எதற்கு எழுதியிருக்கிறீர்களோ அதில் ஐந்து வாங்குங்கள். இந்த ஐந்தையும் உங்கள் இஷ்டப்படி, எந்த நேரத்திலும், எதனோடும் பிடிக்கலாம். அன்றாட வாழ்க்கையிலும் அது உடன்வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் இது. ஐந்தில் நான்கு தேறினால் பெட்டி வாங்குங்கள்.

தனித்தனியாக வாங்குவதைவிடப் பெட்டியாக வாங்கினால் பல இடங்களில் ஒரு சுருட்டின் விலை குறையும். அந்தத் தள்ளுபடியை ஆசை காட்டித்தான் முதல் நாளே பெட்டியைக் கையில் திணிப்பார்கள். கணக்கு எளிது: 25 சுருட்டுப் பெட்டியில் பத்து பிடிக்காமல் கிடந்தால், எந்தத் தள்ளுபடியும் அந்த நட்டத்தை ஈடுகட்டாது.

பெட்டி வாங்கும்போது பெயரை இரண்டு முறை படியுங்கள். மான்டெக்ரிஸ்டோ, பார்தகாஸ், ரோமியோ இ ஹூலியெத்தா, எச். உப்மன், கொஹிபா போன்ற பெயர்களில் கியூபச் சுருட்டும் உண்டு, டொமினிகன் குடியரசில் தயாராகும் சுருட்டும் உண்டு. பெயர் ஒன்று, இலை வேறு, நிறுவனம் வேறு. உங்கள் நோட்டில் ஒட்டிய வளையத்தோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

கியூபப் பெட்டி என்றால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலைக்கான மூன்றெழுத்துக் குறியும், மாதத்தின் ஸ்பானியப் பெயர்ச் சுருக்கமும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் அச்சிட்டிருக்கும். அதை நோட்டில் எழுதுங்கள், எட்டாம் படியில் தேவைப்படும். கண்ணாடி மூடி போட்ட கியூபப் பெட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது போலி. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். ஒரே பெட்டியில் சுருட்டுகளின் நிறம் கிட்டத்தட்ட ஒன்றாக, வளையங்கள் ஒரே உயரத்தில், ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

7. இப்போது தேடிப் போங்கள்

உங்களுக்கென்று ஒன்று கிடைத்துவிட்டது. இனி அதையே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றும். ஒரு குறையும் இல்லை. வாய்க்குப் பழகியதைக் கையில் எடுக்கும்போது வரும் நிம்மதியை வேறு எந்தச் சுருட்டும் தராது. ஆனால் வேறெதையும் தொடாமலே இருந்தால் பழகியதன் அருமையும் மெல்ல மங்கிவிடும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றுக்கு ஒன்று என்பது என் விகிதம். மூன்று பழகியது, ஒன்று புதியது. பணத்தையும் அப்படியே பிரித்து வையுங்கள். புதியதுக்கான கால் பங்கு தீர்ந்தால் அடுத்த மாதம்தான்.

புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு அடி மட்டும் எடுத்து வையுங்கள். அதே சுருட்டை வேறு அளவில் பிடியுங்கள். அடுத்து, அதே தயாரிப்பாளர், அதே உள் இலை, வேறு மேலிலை. அதற்கும் அடுத்து, அதே காரத்தில் வேறு நாடு. இப்படிப் போனால் எது மாறியது, அது பிடித்ததா என்று ஒவ்வொரு முறையும் தெரியும்.

கலவைப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தில் இரண்டு நல்ல பெயராக இருக்கும், மீதி விற்காத சரக்காக இருக்க வாய்ப்புண்டு. பெட்டியில் உள்ள ஒவ்வொன்றின் தனி விலையையும் கூட்டிப் பார்த்து, நீங்கள் உண்மையில் பிடிக்க விரும்பும் சுருட்டுகளின் விலை மட்டுமே பெட்டி விலையைத் தாண்டினால் வாங்குங்கள். "குறைந்த எண்ணிக்கையில் மட்டும்" என்று வரும் சிறப்பு வெளியீடுகளிலும் கவனம் தேவை. உயிருக்குயிராகப் பிடித்துப்போனாலும் அடுத்த பெட்டி கிடைக்காது.

8. பிடித்த சுருட்டு மாறிப்போனால்

மாறும். இலை விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். தயாரிப்பாளர் ஒரு அளவையே நிறுத்திவிடலாம். விலையும் ஒரே நாளில் கைக்கெட்டாத தூரம் போகலாம். 2022இல் கியூபக் கொஹிபா பிடித்துக்கொண்டிருந்த பலருக்கு அதுதான் நடந்தது. ஒன்றையே நம்பியிருந்தவர்கள் அப்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். ஏழாம் படியில் எழுதிய பக்கங்கள் இருந்தால் அடுத்தது எது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

புதுப் பெட்டி முன்போல இல்லை என்று பட்டால் உடனே குறை சொல்லிவிடாதீர்கள். முதலில் ஹைக்ரோமீட்டரைப் பாருங்கள். அடுத்து, சுருட்டில் அம்மோனியா நெடி வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் அது இன்னும் இளசு, இரண்டு மூன்று மாதம் டப்பாவில் தூங்கட்டும். சளி பிடித்திருந்தாலும், புது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நாக்கு பொய் சொல்லும், பத்து நாள் விட்டுப் பாருங்கள்.

அப்படியும் சந்தேகம் தீராதவர்களுக்காகவே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் கடைசி இரண்டு சுருட்டைத் தொடுவதில்லை. பெட்டியின் குறியீட்டையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, இரண்டோடும் சேர்த்துச் சுருட்டி டப்பாவின் ஓரத்தில் வைத்துவிடுவேன். புதுப் பெட்டி வந்து இரண்டு வாரம் ஓய்வெடுத்த பிறகு, ஒரு சனிக்கிழமை பழையதில் ஒன்று, அடுத்த சனிக்கிழமை புதியதில் ஒன்று, மீண்டும் பழையது, மீண்டும் புதியது. நான்கு வாரம், நான்கு அரைப் பக்கம். மாறியது சுருட்டா, நாக்கா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.